ஒன்பதாவது கேள்வி

ஏப்ரல் 7, திங்கள்

கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து மேசை மேல் சும்மா கிடந்தது. இன்று சண்முகக்கனி அதை எடுத்து என் கையில் திணித்தாள். "என்கிட்டதான் வாயத் திறக்க மாட்டேங்கிறீங்க. இதுலயாவது எழுதித் தொலைங்க" என்றாள். மனைவி உத்தரவு. எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது. எனக்கு அறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். படுத்தேன். இதற்கு ஒரு டைரியா?

ஏப்ரல் 8, செவ்வாய்

மனநல டாக்டர் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வருகிறார். பதினான்காம் நம்பர் அறை. பக்கத்து அறையில் நாய்க்கடி ஊசி. கனி விசாரித்து வைத்திருந்தாள். இன்று பரீட்சை இல்லாத நாள், சாக்குச் சொல்ல வழியில்லை. தனியாகவே போகிறேன் என்று கிளம்பினேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொன்று. நாய்க்கடிக்கு வந்தவன்கூட காலைக் காட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து உள்ளே போனான். பதினான்காம் நம்பர் அறை வெளியிலிருந்தே தெரிந்தது. வராந்தாவில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெஞ்சைத் தாண்டாமல் ஊரில் ஒருவரும் மருந்து வாங்கப் போக முடியாது.

"சார், என்ன இந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். போன வருடம் என்னிடம் படித்த பையனின் அப்பா.

"சுகர் டெஸ்டுக்கு வந்தேன்" என்றேன்.

வீட்டில் டாக்டர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கனி நம்பின மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். எந்தப் போரானாலும் மூன்று தலைப்பு: காரணங்கள், போக்கு, விளைவுகள். காரணங்களை எழுதினாலே பாதி மார்க் வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

என் விஷயத்தில் போக்கு நன்றாகத் தெரியும். நவம்பரில் ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்ய என்று கிடக்கிறேன். சோறு மண்ணாக இருக்கிறது. பேப்பரில் ஒரு செய்தியை நான்கு தடவை படிக்கிறேன். கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போய்விடுகிறது. பிப்ரவரியில் ஒரு நாள் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். நான் ஏதோ கேள்வி கேட்கிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதில் ஒன்று சரியான பதிலாகவும் இருந்தது.

காரணங்கள் என்ற தலைப்பில்தான் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. மகள் மதிவதனி கோவையில் நன்றாகப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மரியாதை இருக்கிறது. டாக்டர் "என்ன காரணம்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? காரணமே இல்லாமல் ஒருவன் இப்படிக் கிடந்தால் அதற்குப் பெயர் நோய் இல்லை, கொழுப்பு.

விளைவுகளைப் பற்றி யோசிப்பதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு வேடிக்கையை எழுதியே ஆக வேண்டும். எங்கள் பள்ளியில் மாணவர் மனநலத்துக்குப் பொறுப்பாசிரியர் யார்? வெயிலுமுத்து. அதாவது நான். பிப்ரவரியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் பிஸ்கட், டீயோடு கையொப்பம் போட்டு வந்தேன். சோர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் உள்ள தாள் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க்.

இன்று அதை எடுத்து எனக்கே போட்டுப் பார்த்தேன். சிவப்புப் பேனாவில்தான். ஆர்வமின்மை: 3. மனச்சோர்வு: 2. தூக்கம்: 3. அசதி: 3. பசி: 2. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்தல்: 3. கவனம்: 3. எட்டாவது, நடை பேச்சு மெதுவாகிப்போதல்: 2.

ஒன்பதாவது: —

கூட்டினால் இருபத்தொன்று வருகிறது. இருபதைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் அனுப்பவும் என்று கீழே அச்சிட்டிருக்கிறது. அது பிள்ளைகளுக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கொஞ்சம் உருப்படியாக வேலை செய்தேன். மோட்டார் போடுவது எப்படி என்று ஒரு முழுத் தாளில் எழுதி, சுவிட்சுப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். பச்சைக் குழாயை முதலில் மூட வேண்டும். தொட்டி நிறைய இருபது நிமிடம். சத்தம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். கனிக்கு மோட்டார் பக்கம் போகவே பயம், எப்போதும் நான்தான் போடுவேன். தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே. இடம் மீதி இருந்ததால் கேஸ் புத்தகம், மின் இணைப்பு எண், மதியின் சான்றிதழ்கள் எந்த அலமாரியில் என்பதையும் எழுதினேன். எல்லாம் ஒரு ஒழுங்குக்காக.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம். மதி போனில், "அப்பா, ஏன் உங்க குரல் இப்படி இருக்கு?" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று சமூக அறிவியல் பரீட்சை. நம் பாடப் பரீட்சையன்று வாசலில் நிற்காமல் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார முடியுமா? கனியிடம் இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உள்ளே போகுமுன் கடைசி வரிசைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வருடா வருடம் சொல்வதையே சொன்னேன். "ஒண்ணும் தெரியலைன்னாலும் மேப்பை விடாதீங்கடா. எட்டு மார்க். இடத்தைக் குறிச்சாப் போதும். மேப்புதான் உங்களைக் கரையேத்தும்." வாசிக்கவே திணறும் பிள்ளைகூட ஒரு மாதம் பழகினால் மலையையும் ஆற்றையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடும். இருபத்தெட்டை முப்பத்தைந்தாக்கி எத்தனை பேரைத் தேற வைத்திருக்கிறது அந்த மேப்.

பேசும்போது நான் நன்றாகத்தான் இருந்தேன். மணி அடித்து அவர்கள் உள்ளே போனதும் மைதானத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக நம் வீட்டில் கிடந்தது. நூலகப் புத்தகங்கள் ஐந்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று ஆரம்பம். போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மேசையில் ஆறு பேர் திருத்துகிறோம், மேலே ஒரு முதன்மைத் தேர்வாளர். நாங்கள் போட்ட மார்க் விடுபடாமல் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று சரிபார்ப்பவர் ஜெபமணி டீச்சர். ஒன்பது வருடமாக அவர்தான் என் தாள்களைப் பார்க்கிறார். "வெயிலுமுத்து சார் கட்டைக் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று புதிதாக வந்தவர்களிடம் சொன்னார். முன்பெல்லாம் இது எனக்கு இனிக்கும்.

காலையில் பதினைந்து தாள் ஒரு கட்டு, மதியம் இன்னொரு கட்டு. ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தேன். எல்லோரும் போனபிறகு கடைசி ஆளாக முடித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. முகாமுக்கு லீவு கிடையாது. பஸ்ஸில் போகும்போது, அப்பாடா, இந்த வாரமும் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலைக் கட்டைப் பதினொன்றே முக்காலுக்கே முடித்துவிட்டேன். மேசையில் நான்தான் முதல். முதன்மைத் தேர்வாளர் தோளில் தட்டினார். "பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு!" என்றார்.

எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

டீ நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தாளில் வந்த கோமாளித்தனங்களைச் சொல்லிச் சிரிப்பது. இன்று மேப் முறை. ஒருவருக்கு வந்த தாளில் சென்னை கேரளாவுக்குப் போயிருந்ததாம். இன்னொருவருக்குக் காவிரி மேல்நோக்கி ஏறியிருந்ததாம்.

"நேத்து உங்களுக்கு என்ன சார் வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். மதியக் கட்டில் மேப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. ஒரு பிள்ளை கடலுக்கு நீலம் அடித்திருந்தது. காலைக் கட்டில் ஒரு மேப்பும் ஞாபகத்துக்கு வரவில்லை. மேப் விடைத்தாளின் கடைசியில் தைத்து வரும். ஞாபகம் வந்தது வேறொன்று. முன்பக்க அட்டவணையில் மேப் கேள்விக்கு நேரே நான் கோடு போடுகிறேன். எழுதவில்லை என்பதற்குப் போடும் சின்னக் கோடு. அடுத்த தாளிலும் கோடு. அதற்கடுத்ததிலும்.

பதினைந்து பிள்ளைகளும் மேப்பை விட்டுவிட்டார்களா? இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கட்டு வந்ததே இல்லை.

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சாப்பாட்டு வேளையில் ஜெபமணி டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டார்.

"டோட்டல் மட்டும்தான் சார் பார்த்தேன். கோடு இருந்துச்சு. நீங்க போட்ட கோடுன்னா அது சரியாத்தானே இருக்கும்? உங்க பேப்பர்ல நான் என்னைக்கு உள்பக்கம் புரட்டியிருக்கேன்?"

"திறந்து பார்க்கணும் டீச்சர்."

"கட்டு சீல் வச்சுப் போயாச்சு. மார்க்கும் ஏத்தியாச்சு. இப்ப நீங்க வாயத் திறந்தா உங்களுக்கு மட்டுமா மெமோ வரும்? என் கையெழுத்தும்ல இருக்கு. அடுத்த வருசம் எனக்கு ரிடையர்மென்ட் சார்." டப்பாவைத் தள்ளி வைத்தார். "மார்க் குறைஞ்சா அதுங்க மறுகூட்டலுக்குப் போடப் போகுதுங்க. ஜூலையில துணைத்தேர்வு வேற இருக்கு."

மறுகூட்டலுக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு அந்த எட்டு மார்க் தேவைப்படாது. தேவைப்படும் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயிலென்றால் மறுநாளே அப்பா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஜூலை வரும், துணைத்தேர்வு வரும், பிள்ளை வராது. என் ஊரிலேயே எத்தனை பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினைந்து கோடுகள்.

ஏப்ரல் 26, சனி

திருத்தினேன். ஒவ்வொரு தாளிலும் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். முதன்மைத் தேர்வாளர் மணியைப் பார்த்தார்.

என்னால் பிரயோசனமும் இல்லை, இப்போது கேடும் வந்தாயிற்று. சும்மா மூலையில் கிடந்தவனை இந்த வீடு சகித்துக்கொண்டது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளை ஏன் இழுத்தேன்? நான் இல்லாவிட்டால் அந்தக் கட்டு வேறொரு வாத்தியார் கைக்குப் போயிருக்கும். இந்த நினைப்பு இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் வருகிறது. நான் இல்லாவிட்டால் என்று ஆரம்பிக்கிறது, எல்லாக் கணக்கும் அங்கே சரியாக வந்துவிடுகிறது.

கனி கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நான் எழுந்திருக்கவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கனி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே போய் சுவிட்சுப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும் என்று படுத்தபடியே காத்திருந்தேன். கேட்கவில்லை.

அவள் தாளைக் கதவிலிருந்து கிழித்தெடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"மோட்டார் போடுறத எனக்கு எதுக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

"தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்."

"கேஸ் புக்கு?"

"அதுவும்தான்."

"அப்ப இது?" கடைசி வரியை வாசித்தாள். அவள் வாசித்தபோதுதான் அதை எழுதினதே எனக்கு உறைத்தது. "'மதி கல்யாணத்துக்கு என் அண்ணனை முன்ன நிறுத்தவும்.' நீங்க எங்க போறீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. அவ கல்யாணத்தன்னைக்கு நீங்க எங்க போறீங்க?"

அழுதேன். ஆறு மாதத்தில் முதல் தடவை. அவள் அழவில்லை, என் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோடுகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். அது ஒன்றைத்தான் வாயால் சொல்ல முடிந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் கூட வாரேன்" என்றாள். "அந்தப் பெஞ்சுல நானும் உக்காருறேன். எவன் பார்க்கான்னு பார்ப்போம்."

"முகாம்ல லீவு தர மாட்டாங்க."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

முகாம் அலுவலர் அறைக்குப் போகுமுன் ஜெபமணி டீச்சரிடம் சொன்னேன், நான் சொல்லப் போகிறேன் என்று. "உங்க இஷ்டம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலுவலர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சீல் வச்ச கட்ட வாய் வார்த்தைக்கெல்லாம் உடைக்க முடியாது சார். எழுத்துல குடுங்க. ஆனா காரணம் எழுதணும். கவனக்குறைவுன்னு எழுதினா நடவடிக்கை எடுத்தே ஆகணும். உடம்பு சரியில்லைன்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும்." கொஞ்சம் தணிந்து, "வைரல் காய்ச்சல்னு போட்டுருங்களேன். ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு" என்றார்.

வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ச்சல் என்று எழுதினால் காய்ச்சலுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கலாம், அது கஷ்டமே இல்லை. கட்டைத் திறப்பார்கள், பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும். நாளைக்கும் செவ்வாய்க்கிழமை, நாளைக்கும் நான் டீக்கடையில் நிற்பேன். அப்புறம் இன்னொரு கட்டு. எழுதினதை இங்கே அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

"ஐயா, 22ஆம் தேதி முற்பகல் நான் திருத்திய பதினைந்து விடைத்தாள்களில் வரைபடப் பக்கத்தைப் பார்க்காமலேயே விடை எழுதவில்லை எனக் கோடிட்டுவிட்டேன். அவற்றைத் திறந்து மறுபடி திருத்த வேண்டுகிறேன். தவறு முழுவதும் என்னுடையது. சரிபார்ப்பாளர் என் மேல் வைத்த நம்பிக்கையில் கையொப்பமிட்டார். காரணம்: கடந்த ஆறு மாதமாக எனக்கு மனநிலை சரியில்லை. படிப்பது மனதில் நிற்பதில்லை. தூக்கமில்லை. இதற்கு இதுவரை நான் மருத்துவரைப் பார்க்கவில்லை. நாளை பார்த்துச் சான்றிதழ் சமர்ப்பிக்கிறேன். இத்துடன் என்னை முகாமிலிருந்து விடுவிக்கவும் வேண்டுகிறேன்."

அலுவலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இத அப்படியே ஃபைல்ல போடணுமா?"

"போடுங்க சார்."

மேலே யார் யாருக்கோ போன் செய்தார். மூன்று மணிக்குக் கட்டைத் திறந்தார்கள். திருத்த வேறொருவர். நான் உள்ளே இருக்கக் கூடாது என்றார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மெமோ வரும் என்று தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

நாலரைக்கு ஜெபமணி டீச்சர் வந்தார். உட்காரவில்லை.

"பதினஞ்சுலயும் மேப் இருந்துச்சு சார். ரெண்டு பிள்ளைங்க பெயில்ல இருந்துச்சுங்க. ஒண்ணு இருபத்தொம்பது, இன்னொண்ணு முப்பத்தொண்ணு. ரெண்டும் தேறிருச்சு." பையைத் தோளில் மாட்டினார். "அந்த இருபத்தொம்பது, மத்ததெல்லாம் அரைகுறையாத்தான் எழுதிருக்கு. மேப்புல மட்டும் எட்டுக்கு எட்டு."

எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ. அதற்கும் யாரோ ஒரு வாத்தியார் மேப்பை விடாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போகும்போது டீச்சர் திரும்பிப் பார்த்தார். "கோவம் எனக்கு இன்னும் போகல சார். ஆனா நாளைக்குப் போய்ப் பாருங்க."

ஏப்ரல் 29, செவ்வாய்

டீக்கடைப் பக்கம் கனி என்னைத் திரும்பவே விடவில்லை. சீட்டுப் போடுமிடத்தில் "என்ன செய்யுது?" என்று சத்தமாகக் கேட்டார்கள். "பதினாலாம் நம்பர்" என்று கனி அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் சீட்டுக்குக் கையை நீட்டினார்கள்.

பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். தெரிந்த முகம் இரண்டு போயின. ஒருவர் வணக்கம் சார் என்றார். வணக்கம் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண். நான் பாடம் நடத்திய முதல் வருடத்துப் பிள்ளைகளைவிடவும் வயது குறைவாக இருக்கும். அவர் காரணம் கேட்பதற்கு முன் நானே முந்திக்கொண்டேன். "காரணம்னு ஒண்ணும் இல்லை டாக்டர்."

"அத அப்புறம் பார்ப்போம் சார். முதல்ல தூங்குறீங்களா, சொல்லுங்க."

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே தாள். ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றாகக் கேட்டார், எட்டு வரை மளமளவென்று சொல்லிவிட்டேன். எனக்குத்தான் பாடமாகிவிட்டதே. ஒன்பதாவதைக் கேட்டார். செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா, எத்தனை நாள்?

பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பேசாவிட்டால் ஒரு கோடு போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. காத்துக்கொண்டே இருந்தார்.

"தினமும்" என்றேன்.

கனி என்னைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் 3 என்று எழுதினார். அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. இன்னும் சில கேள்விகள் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்னைத் தனியாக விட வேண்டாம் என்று கனியிடம் சொன்னார். மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் மனசு மோசமானால் எந்நேரமும் கூப்பிட ஒரு நம்பரைச் சீட்டில் எழுதினார். அடுத்த செவ்வாயும் வர வேண்டும். சர்டிபிகேட் வாங்கிக்கொண்டோம்.

நன்றாகிவிட்டேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய். இப்போதும் நெஞ்சில் அதே பாரம்தான். மூன்று வாரம் என்பது எனக்கு மிக நீண்ட காலம்.

சாயங்காலம் கனி சுவிட்சுப் பெட்டித் தாளை எடுத்து, மோட்டார் பகுதியை மட்டும் கத்தரித்தாள். மீதியை அடுப்பில் வைத்து எரித்தாள். கத்தரித்த துண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் அடுப்பில் போட்டுவிட்டாள்.

"எனக்கு மோட்டார் போடத் தெரியாது" என்றாள். "கத்துக்கவும் மாட்டேன். தொட்டியில தண்ணி இல்ல. போய்ப் போடுங்க."

போய்ப் போட்டேன். இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்றேன்.